கடைசி விமானம் வெளியேறும் முன்பே காலியாகும் ஆலை

2025 அக்டோபர் இறுதியில் பிரிட்டனும் துருக்கியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 20 டைஃபூன் போர்விமானங்கள். மதிப்பு 800 கோடி பவுண்டு வரை. இந்த ஆர்டர் நாடு முழுவதும் 20,000 வேலைகளுக்குத் துணை நிற்கும் என்றது பிரிட்டன் அரசு. செய்தியைப் படித்த பலர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருப்பார்கள். ஒரு விமானத்துக்கு ஆயிரம் பேரா? அந்த ஆயிரம் பேரும் நேற்றுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 20 விமானங்களும் முடிந்தபின் எங்கே போவார்கள்?

நல்ல கேள்விகள். ஆனால் இத்தகைய செய்திகளைச் சுற்றி நடக்கும் பேச்சில் இவை வருவதேயில்லை. ஆர்டர் என்பது சுவிட்ச் மாதிரி, போட்டால் வேலை எரியும், அணைத்தால் அணையும் என்று ஒரு தரப்பு பேசுகிறது. வேலை, ஊர், தொழிலாளர் என்பதெல்லாம் செலவை மூடிமறைக்க அரசியல்வாதிகள் போர்த்தும் போர்வை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டுமே காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை விமானம் என்பதைவிட, ஓர் ஆர்டர் முடிந்து அடுத்தது வர எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் ஆலைத் தொழிலாளியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

## தறியிலிருந்து தொடங்கலாம்

கைத்தறியில் பாவு தீரும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாவு என்பது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல்கள், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வோர் இழையும் விழுது என்ற கண்ணிவரிசை வழியாகவும் அச்சு என்ற சீப்பின் பல்லிடுக்கு வழியாகவும் வந்தாக வேண்டும். பாவு முடியப்போகும்போது நெசவாளர் அதைக் கடைசிவரை நெய்து தீர்ப்பதில்லை. விழுதுக்குப் பின்னால் கொஞ்சம் நுனியை விட்டுவைப்பார். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து மெல்ல இழுத்தால், எல்லா இழைகளும் தத்தம் கண்ணியில் தாமே வந்து அமரும். நுனியை அறுத்துவிட்டால் கதை வேறு. முதல் இழையிலிருந்து மறுபடி கோத்து வர வேண்டும்.

விமான ஆலையும் ஒரு தறிதான். பழைய ஆர்டரின் நுனி உள்ளே இருக்கும்போதே புதியது வந்து சேர வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. நெசவாளரின் நுனி முழக்கணக்கு. விமான ஆலையின் நுனி ஆண்டுக்கணக்கு. அந்த நுனி எங்கே இருக்கிறது என்பதைத்தான் வெளியில் இருப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

## முதல் கட்டமே முதலில் காலியாகும்

விமானம் ஓரிடத்தில் நின்றபடி முழுதாக உருவாவதில்லை. அது கட்டம் கட்டமாக நகர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழு தன் வேலையைச் செய்துவிட்டு அடுத்த குழுவிடம் ஒப்படைக்கிறது. இந்தத் தொடருக்கு உற்பத்தி வரிசை என்று பெயர். தொடக்கத்தில் உலோகத்தைக் கடைந்து, கார்பன் இழைத் தகடுகளை அடுக்கிச் சுட்டு, பாகங்கள் செய்வார்கள். பிறகு பாகங்களைச் சேர்த்து உடற்பகுதி, இறக்கை, வால் என்று பெரிய துண்டுகள். கடைசியில் இறுதி இணைப்பு: துண்டுகளைக் கூட்டி, எஞ்சினைப் பொருத்தி, மின்கம்பிகளைச் சோதித்து, வண்ணம் பூசிப் பறக்கவிடுவது.

நாளிதழ்ப் புகைப்படத்தில் வருவது எப்போதும் அந்தக் கடைசிக் காட்சிதான். பளபளக்கும் கூடம், பளபளக்கும் விமானம், முன்னால் தலைக்கவசம் அணிந்த அமைச்சர். ஆனால் அந்த விமானத்தின் முதல் பாகத்தை ஒருவர் இயந்திரத்தில் ஏற்றியது ஈராண்டு, மூவாண்டுக்கு முன்பு. ஆர்டர் கையெழுத்தான நாளிலிருந்து விமானம் கைக்கு வரும் நாள்வரை ஆகும் இந்தக் காலத்தை முன்காலம் என்று சொல்லிக்கொள்வோம். போர்விமானங்களில் அது மூன்று ஆண்டுக்கு மேல் போவது சாதாரணம்.

இப்போது ஆர்டர் தீர்ந்துபோகும் ஓர் ஆலையைக் கற்பனை செய்யுங்கள். கடைசி விமானத்தின் பாகங்களைக் கடைந்தவர் அவற்றை அனுப்பிவிட்டார். அவருக்கு அடுத்த பாகம் வரவில்லை. இறுதி இணைப்புக் கூடத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு விமானங்கள் நிற்கின்றன, எல்லாரும் மும்முரமாக இருக்கிறார்கள். ஆனால் வரிசையின் முதல் கட்டத்தில் ஜிக் மட்டும் நிற்கிறது. ஜிக் என்பது பாகங்கள் இம்மியும் விலகாதபடி பிடித்துக்கொள்ளும் எஃகுச் சட்டம். அதன் பக்கத்தில் கருவித் தட்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்திலேயே நுரைப்பலகையில் குழி வெட்டியிருப்பார்கள். ஒரு திருப்புளி விமானத்துக்குள் தங்கிவிட்டால் வெற்றுக்குழி உடனே காட்டிக்கொடுக்கும். வேலை நடக்கும் ஆலையில் அந்தக் குழிகளில் பாதி எப்போதும் காலியாக இருக்கும். வேலையில்லாத ஆலையில் எல்லாக் கருவிகளும் அதனதன் இடத்தில் சமர்த்தாக உறங்கும்.

"ஆலையில் இன்னும் விமானங்கள் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அதற்குள் தொழிற்சங்கம் ஏன் கூச்சல் போடுகிறது?" என்ற கேள்விக்கு விடை அந்தத் தட்டில் இருக்கிறது. கடைசி விமானம் கொடியசைத்துக் கிளம்பும் நாளில் முதல் கட்டத்து ஆட்கள் போய் ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: வரிசை நீளமானது, அதன் தொடக்கமே முதலில் வறளும், ஆகவே புது ஆர்டர் பழையது முடிந்தபின் வந்தால் போதாது. பழையது பாதியில் இருக்கும்போதே வர வேண்டும்.

## ஒரே விமானம், நான்கு நாடுகள்

சிக்கல் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆர்டர் "அந்த ஆலைக்கு" வந்தது என்கிறோம். எந்த ஆலைக்கு?

டைஃபூனையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நான்கும் சேர்ந்து உருவாக்கியது அது. யார் எவ்வளவு வாங்குகிறாரோ அதற்கு ஏற்றபடி தயாரிப்பு வேலையும் பிரிந்தது. இதற்கு வேலைப்பங்கு என்று பெயர். 1998-இல் போட்ட கணக்கில் பிரிட்டனுக்கு 232, ஜெர்மனிக்கு 180, இத்தாலிக்கு 121, ஸ்பெயினுக்கு 87, ஆக 620 விமானங்கள். முன் உடற்பகுதி பிரிட்டனில், நடு உடற்பகுதி ஜெர்மனியில், இடது இறக்கை இத்தாலியில், வலது இறக்கை ஸ்பெயினில். ஒரு விமானத்தின் இரண்டு இறக்கைகளை இரண்டு நாடுகள் செய்வது பொறியியல்படி எவ்வளவு சிக்கனம் என்று என்னைக் கேட்காதீர்கள். அது அரசியல் சமரசத்தின் வடிவம், இறக்கையின் வடிவம் அன்று.

ஆனால் இறுதி இணைப்பு மட்டும் நான்கு நாட்டிலும் தனித்தனியாக நடக்கிறது. பிரிட்டனில் வார்ட்டன், ஜெர்மனியில் மான்சிங், இத்தாலியில் கசேல்லே, ஸ்பெயினில் ஹெட்டாஃபே. தன் நாட்டு விமானத்தைத் தன் நாட்டிலேயே கூட்டிக்கொள்வது ஏற்பாடு.

இதன் விளைவு விசித்திரமானது. லங்காஷயர் பகுதியில் சாம்ல்ஸ்பரி, வார்ட்டன் என்று இரண்டு ஆலைகள். ஒரே நிறுவனம் (பிஏஇ சிஸ்டம்ஸ்), ஒரே மாவட்டம். சாம்ல்ஸ்பரியில் முன் உடற்பகுதி செய்கிறார்கள், வார்ட்டனில் இறுதி இணைப்பு. ஜெர்மனி தனக்கு 20 டைஃபூன் வேண்டும் என்று கையெழுத்திட்டால் சாம்ல்ஸ்பரிக்கு 20 முன் உடற்பகுதி வேலை கிடைக்கும். வார்ட்டனின் இறுதி இணைப்புக் கூடத்துக்கு அதில் ஒரு திருகாணிகூட வராது. அந்த வேலை மான்சிங்குக்கு. 2020-களில் ஜெர்மனியும் ஸ்பெயினும் இத்தாலியும் புது ஆர்டர்கள் கொடுத்தன. பிரிட்டன் 2009-க்குப் பிறகு தனக்கென்று புது டைஃபூன் ஆர்டர் கொடுக்கவில்லை. அதன் கடைசி விமானம் 2019-இல் விமானப்படைக்குப் போனது. நடுவில் கத்தார் வாங்கிய 24 விமானங்கள் வார்ட்டனைத் தாங்கின. அவையும் தீரும் நிலையில், 2025 கோடையில் அங்கே இறுதி இணைப்பு வேலை நின்றுவிட்டது என்று யுனைட் தொழிற்சங்கம் குரல் எழுப்பியது. அதே நேரத்தில் மற்ற நாடுகளின் விமானங்களுக்காக முன் உடற்பகுதி செய்யும் வேலை தொடர்ந்தது. "டைஃபூன் தயாரிப்பு நின்றது" என்றவரும் "நிற்கவில்லை" என்றவரும் இரண்டு வெவ்வேறு கூடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

## கை கற்கும், கை மறக்கும்

சரி, ஆட்களை அனுப்பிவிட்டு, ஆர்டர் வந்ததும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டால் என்ன? கட்டட வேலையில் அப்படித்தானே நடக்கிறது?

விமானத்தில் ஏன் முடியாது என்பதற்கு ஒரு துளையைப் பார்த்தால் போதும். இறக்கையின் மேல்தோல் கார்பன் இழை, அடியில் உலோகச் சட்டம். இரண்டையும் சேர்த்துத் துளையிட வேண்டும். கார்பன் இழையைத் துளைக்கும்போது ஓர் அழுத்தம், உலோகத்தைத் தொடும்போது வேறோர் அழுத்தம். துளைமுனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் நொடியைச் சத்தத்திலும் மணிக்கட்டிலும் உணர வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் கார்பன் அடுக்குகள் பிரிந்துவிடும்; உலோகச் சுருள் மேலே வரும்போது துளையின் வாயைக் கீறி அகலமாக்கிவிடும். துளை அளவு மீறினால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு தகடு எடுக்க முடியாது. எழுதிக் கொடுத்து, பொறியாளர் வந்து பார்த்து, என்ன செய்யலாம் என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்த இறக்கை அங்கேயே நிற்கும். இயந்திரங்கள் பல துளைகளை இப்போது தாமே போடுகின்றன. இயந்திரத்தின் கை நுழையாத மூலைகள் மட்டும் மனிதனுக்கு, அதாவது கடினமானவை அவனுக்கு.

இந்தக் கைப்பழக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-இல் அதை வெளியிட்டார். மொத்தம் கட்டிய விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைகிறது என்பது அவர் கண்டது. இதைத்தான் கற்றல் வளைவு என்கிறார்கள். முதல் விமானத்துக்கு 1,000 மணி நேரம் என்று வையுங்கள். இரண்டாவதற்கு 800, நான்காவதற்கு 640, எட்டாவதற்கு 512. யாரும் வேகமாக ஓடவில்லை. தடுமாற்றம் குறைந்தது, அவ்வளவுதான்.

வளைவு திரும்பி ஏறவும் செய்யும். அதைக் காட்டியது லாக்ஹீட் டிரைஸ்டார் என்ற பயணிகள் விமானம். 1970-களின் நடுவில் அதன் உற்பத்தி வெகுவாகச் சுருங்கியது, ஆட்கள் போனார்கள். பின்னர் வேகம் கூடியபோது ஒரு விமானத்துக்கு ஆன உழைப்பு குறையாமல், முன்பு எட்டியிருந்த அளவையும் தாண்டி ஏறியது. ஆலை கற்றதை மறந்துவிட்டது. ஆலைக்கென்று தனி மூளை எங்கே இருக்கிறது? ஆட்கள் போனால் அதுவும் போயிற்று.

மறதிக்கு மருந்து தேடியவர்களும் உண்டு. அமெரிக்காவின் எஃப்-22 போர்விமான வரிசையை மூடியபோது, கருவிகளையும் ஜிக்குகளையும் அழிக்காமல் கலிஃபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில் அடுக்கிவைத்தார்கள். கடினமான கட்டங்களை எப்படிச் செய்வது என்று வேலையாட்களைக் காணொளியில் பதிவும் செய்தார்கள். 2017-இல், மேலும் 194 விமானங்கள் கட்டினால் என்ன ஆகும் என்று விமானப்படை நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. மொத்தம் ஏறத்தாழ 5,000 கோடி டாலர். அதில் 700 முதல் 1,000 கோடி டாலர்வரை வரிசையை மறுபடி எழுப்புவதற்கு மட்டும். யோசனை அத்தோடு முடிந்தது. கருவிகள் இருந்தன, காணொளியும் இருந்தது. நுனி அறுந்துபோயிருந்தது.

ஆக, காக்கப்படுவது நாற்காலிகள் அல்ல, பழகிய கைகள். அவை ஓர் ஆலையில் ஒன்றாக இருக்கும்வரைதான் அந்தப் பழக்கத்துக்கு விலை. கலைந்தபின் திரட்டுவது பெருஞ்செலவு.

## இடைவெளியை நிரப்பும் வித்தைகள்

ஆர்டர் எப்போதும் சரியான நேரத்தில் வராது. அரசின் பட்ஜெட்டுக்கு ஒரு நாட்காட்டி, ஆலைக்கு வேறொரு நாட்காட்டி. இடைவெளி தெரிந்ததும் நிறுவனங்களும் அரசுகளும் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இருக்கும் வேலையை நீட்டுவது.

இதைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தது பிரான்ஸ். அங்கே ரஃபேல் விமானத்தின் இறுதி இணைப்பு போர்தோவை ஒட்டிய மெரின்யாக்கில் நடக்கிறது. பாகங்கள் செய்பவை சுமார் 500 நிறுவனங்கள். ஆண்டுக்கு 11 விமானங்கள் என்பதுதான் அந்தச் சங்கிலி அறுந்துபோகாமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகம் என்று கணக்கிட்டார்கள். மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரும் சிக்காத காலம் அது. பிரான்ஸ் தன் ஆர்டரையே மெல்ல மெல்லப் பெற்றுக்கொண்டு வரிசையை உயிரோடு வைத்திருந்தது. 2014-19 காலத்துக்கான திட்டத்தில் தன் படைகளுக்கு 26 விமானங்கள் மட்டும் போதும் என்று எழுதிவிட்டது. ஆண்டுக்கு 11 என்றால் ஆறு ஆண்டுக்கு 66 ஆகிறதே, மீதி? மீதியை வெளிநாடுகள் வாங்கும் என்று பந்தயம் கட்டியது. எழுதிய நாளில் ஒரு வெளிநாட்டு ஆர்டர்கூடக் கையில் இல்லை.

2015-இல் எகிப்து 24 வாங்கியது. அதே ஆண்டு கத்தார், 2016-இல் இந்தியா. பிறகு கிரீஸ், குரோஷியா, அமீரகம், இந்தோனேசியா. 2024 முடிவில் கட்டித்தர வேண்டிய பாக்கி மட்டும் 200-ஐத் தாண்டியிருந்தது. இப்போது மெரின்யாக்கின் கவலை தலைகீழ்: வேகத்தை எப்படிக் கூட்டுவது? பந்தயம் பலித்ததால் இது தொலைநோக்கு என்று பாராட்டப்படுகிறது. எகிப்து 2015-இல் வராமல் 2020-இல் வந்திருந்தால் இதையே ஊதாரித்தனம் என்று எழுதியிருப்பார்கள். மெதுவாகக் கட்டுவது இலவசமும் அல்ல. கூடத்தின் மின்கட்டணம், பராமரிப்பு, மேற்பார்வை எல்லாம் குறைவான விமானங்களின் தலையில் விழுவதால், ஒவ்வொன்றின் விலையும் ஏறுகிறது. வேலையைக் காக்கும் செலவு விமானத்தின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

பிரிட்டனிலும் இதே வித்தை நடந்தது, ஆனால் வலியோடு. 2017 அக்டோபரில் பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனம் டைஃபூன் உற்பத்தி வேகத்தைக் குறைத்து அடுத்த ஆர்டர்வரை இழுப்பதாக அறிவித்தது. கூடவே ஏறத்தாழ 2,000 வேலைகளைக் குறைப்பதாகவும் சொன்னது; அதில் சுமார் 750 வார்ட்டனிலும் சாம்ல்ஸ்பரியிலும். இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், கத்தார் ஒப்பந்தம் கையெழுத்தானது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் வேலையை அதே ஆலைக்குத் தருவது ஒன்று. முழு ஆர்டர் கொடுக்கப் பணம் இல்லாதபோது, வருவதற்கு அதிகக் காலம் பிடிக்கும் பாகங்களுக்கு மட்டும் முன்கூட்டியே பணம் கொடுத்துவைப்பது இன்னொன்று. தறியில் நுனியை விட்டுவைக்கும் வேலை இதுதான்.

## 20,000 என்ற எண் எப்படிப் பிறக்கிறது

இனி அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். மூன்று வட்டங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்வட்டம், ஆலையில் விமானத்தைத் தொட்டு வேலை செய்பவர்கள்: நேரடி வேலை. அடுத்த வட்டம், அந்த ஆலைக்குப் பாகம் தருபவர்கள். டைஃபூனில் ரேடார் எடின்பரோவிலும் எஞ்சின் வேலை பிரிஸ்டலிலும் நடப்பது இந்த வகை: மறைமுக வேலை. வெளிவட்டம், இவர்கள் எல்லாரும் சம்பளத்தைச் செலவழிப்பதால் பிழைக்கும் கடைக்காரர், ஓட்டுநர், முடிதிருத்துநர்: தூண்டப்பட்ட வேலை. உள்வட்டத்தை எண்ணலாம். நடுவட்டத்தை ஓரளவு எண்ணலாம். வெளிவட்டத்தை மதிப்பிடத்தான் முடியும். யார் மதிப்பிடுகிறார் என்பதைப் பொறுத்து அது விரியும், சுருங்கும்.

அடுத்து, வேலை என்ற சொல்லே வழுக்கும். ஒருவர் பத்தாண்டு செய்யும் வேலையும் பத்துப் பேர் ஓராண்டு செய்யும் வேலையும் உழைப்புக் கணக்கில் ஒன்றுதான். பத்து ஆள்-ஆண்டு என்பார்கள். அறிக்கையில் "ஆண்டு" என்ற சொல் உதிர்ந்துபோனால் பத்தாண்டு வேலை செய்யும் ஒருவர் பத்துப் பேராகிவிடுவார். அப்புறம் "துணை நிற்கும்" என்ற வினை. 20,000 பேருக்குப் புதிதாக வேலை கிடைக்கும் என்று பிரிட்டன் அரசு சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கே வேலையில் இருப்பவர்கள். பொய் இல்லை, ஆனால் படிப்பவர் மனத்தில் எந்தப் படம் எழும் என்று தெரிந்தே தேர்ந்த சொல்.

இந்த எண்களுக்கு அரசியல் பலம் எவ்வளவு என்பதற்கும் எஃப்-22-தான் பாடம். 44 மாநிலங்களில் அதற்குப் பாகம் செய்கிறார்கள், 95,000 வேலைகள் இதை நம்பியிருக்கின்றன என்று அதைக் கட்டிய லாக்ஹீட் நிறுவனம் சொல்லிவந்தது. பாகங்களை இப்படிப் பரப்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. 44 மாநிலங்களின் உறுப்பினர்களுக்கும் அது "எங்கள் ஊர்" விமானம். 2009-இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் 187 விமானங்களோடு நிறுத்தலாம் என்றார். சண்டை முற்றியது. ஜூலையில் செனட் 58-40 என்ற கணக்கில் கூடுதல் விமானங்களுக்கான பணத்தை நீக்கியது. கேட்ஸ் பக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே பணத்தை வேறு விமானத்துக்கோ, பள்ளிக்கோ, பாலத்துக்கோ செலவழித்தாலும் வேலை உண்டாகும். வேலைக் கணக்கை மட்டும் காட்டி எந்தச் செலவையும் நியாயப்படுத்திவிடலாம் என்றால், அந்தக் கணக்கினால் எதையும் தீர்மானிக்க முடியாது.

ஆனால் அந்த மாற்று வேலை அதே ஊரில் வராது. சிக்கல் அங்கேதான்.

## ஊர் ஏன் முக்கியம்

விமான ஆலைகள் பெரும்பாலும் பெருநகர மையத்தில் இருப்பதில்லை. நீண்ட ஓடுபாதை வேண்டும், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் இடம் வேண்டும். அதனால் சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலை என்ற நிலை. பெருநகரில் ஓர் ஆலை மூடினால் தொழிலாளி பஸ் தடத்தை மாற்றிக்கொள்வார். ஒற்றை ஆலை ஊரில் அவர் ஊரையே மாற்ற வேண்டும். வீட்டை விற்கப்போனால் அதே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் விற்கிறார்.

1959 பிப்ரவரி 20 அன்று கனடா அரசு ஏவ்ரோ ஆரோ என்ற போர்விமானத் திட்டத்தைக் கைவிட்டது. டொரான்டோவை ஒட்டிய மால்ட்டன் ஆலையில் 14,000 பேருக்கு மேல் அன்றே வேலை இழந்தார்கள். கட்டிமுடித்த விமானங்களையும் துண்டுதுண்டாக வெட்டினார்கள். பொறியாளர்களில் சுமார் 30 பேர் அமெரிக்காவின் நாசாவுக்குப் போய் அதன் விண்வெளித் திட்டங்களில் சேர்ந்தார்கள். பொறியாளர்களுக்கு எல்லை தாண்டியும் வேலை கிடைத்தது. ரிவிட் அடித்தவருக்கு நாசாவிலிருந்து அழைப்பு வரவில்லை.

அதே கனடாவில் 1986-இல் சிஎஃப்-18 போர்விமானங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம். நாட்டின் மேற்கிலுள்ள வின்னிபெக் நகரின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் நிறுவனம் கேட்ட தொகை குறைவு, தொழில்நுட்ப மதிப்பீட்டிலும் அதுவே முன்னிலை. பிரதமர் மல்ரோனியின் அரசு ஒப்பந்தத்தைக் கிழக்கே மான்ட்ரியாலின் கனடேர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மேற்கு மாகாணங்கள் கொதித்தன. அந்தக் கோபத்தில் வளர்ந்த ரிஃபார்ம் கட்சி அடுத்த ஆண்டு தன் தொடக்க மாநாட்டை நடத்திய ஊர் வின்னிபெக். ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் கட்சிகளின் வரைபடத்தையே கலைத்தது.

விமானத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கும் அரசுகளும் உள்ளூர் வேலையைக் கேட்காமல் விடுவதில்லை. "இவ்வளவு பணம் தருகிறோம், அதில் இத்தனை பங்குக்கு எங்கள் நாட்டு நிறுவனங்களுக்கு வேலை கொடு" என்று விற்பவரைக் கட்டுப்படுத்துவதற்கு ஆஃப்செட் என்று பெயர். சுவிட்சர்லாந்து அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானங்களை வாங்கும்போது 60 விழுக்காடு ஆஃப்செட் கேட்டது. அதோடு நிற்காமல், வரும் வேலையை மொழிவாரியாகவும் பிரித்தது: ஜெர்மன் பேசும் பகுதிக்கு 65, பிரெஞ்சுப் பகுதிக்கு 30, இத்தாலியப் பகுதிக்கு 5 விழுக்காடு. பந்தியில் பரிமாறுவதுபோல. இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிட்ட வேலையில் எவ்வளவு அந்த ஊரில் வேரூன்றும், எவ்வளவு ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடும் என்பது வேறு கேள்வி. ஒருமுறை வந்த ஆஃப்செட் வேலைக்கும் இடைவெளிச் சிக்கல் உண்டு. இரண்டாவது ஆர்டர் அங்கே பெரும்பாலும் வருவதேயில்லை.

## ஆர்டர் இருந்தும் காத்திருப்பு

ஆர்டர் கையில் இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இந்தியா 2021-இல் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றுக்கான 99 எஞ்சின்கள் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். அந்த எஞ்சின் வரிசை சில ஆண்டுகளாக ஆர்டர் இல்லாமல் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பி முதல் எஞ்சினை அனுப்ப 2025 மார்ச் ஆகிவிட்டது. இங்கே உடற்பகுதிகள் தயாராகி எஞ்சினுக்காகக் காத்துநின்றன. ஓர் ஊரில் ஆண்டுகளுக்கு முன் அறுந்த நுனி, வேறொரு கண்டத்தில் ஓர் ஆலையை நிறுத்திவைத்தது.

## மறுபடி வார்ட்டனுக்கு

தொடக்கத்தில் பார்த்த 20 விமானங்களை இப்போது வேறு கண்ணால் பார்க்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தானது 2025-இல். முதல் விமானம் துருக்கிக்குப் போகும் என்று சொல்லப்பட்டிருப்பது 2030-இல். புது வேலை முதலில் போவது பாகம் செய்யும் கூடங்களுக்கு. பிறகு சாம்ல்ஸ்பரியின் முன் உடற்பகுதி வரிசைக்கு. ஜெர்மனியிலிருந்து நடு உடற்பகுதியும், இத்தாலியிலிருந்து ஓர் இறக்கையும், ஸ்பெயினிலிருந்து இன்னோர் இறக்கையும் வந்து இறங்கிய பிறகே வார்ட்டனின் இறுதி இணைப்புக் கூடத்தில் வேலை தொடங்கும். ஒப்பந்தத்தைக் கொண்டாட மேடை போட்டு, எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கூடத்துக்குத்தான் அந்த ஆர்டர் கடைசியாகப் போய்ச் சேரும். அதுவரை அங்கிருக்கும் கைகளுக்கு என்ன வேலை கொடுத்து வைத்திருப்பது என்று யாரோ ஒரு மேலாளர் இப்போது அட்டவணை போட்டுக்கொண்டிருப்பார்.